கூரைக்குரியவர் யார்?

ஊவா மலைச்சாரலில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் லயத்துக் கூரைகளின்மேல் கற்கள் ஏறுகின்றன. பழைய டயர்கள் ஏறுகின்றன. மண் நிரப்பிய சாக்குகள் ஏறுகின்றன. பசறையிலிருந்து லுணுகலை வரையிலும், தெமோதரையிலிருந்து ஹப்புத்தளை வரையிலும் பயணஞ் செய்வோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். கண்டவருட் சிலர் இதனை ஏழையின் அலங்கோலமென்று எண்ணி முகத்தைத் திருப்பிக் கொள்வர். அலங்கோலமன்று இது; நுட்பமான கணக்கு. துருவேறிய தகரத்தில் புது ஆணி நில்லாது. உளுத்த கைமரத்தில் பழைய ஆணி நில்லாது. ஆதலின் பாரமேற்றித் தகரத்தை அடக்கி வைக்கின்றனர். பாரம் குறைந்தால் காற்று தகரத்தைக் கொண்டு போகும். பாரம் கூடினால் கூரை படுக்கையின்மேல் இறங்கும். இவ்விரண்டிற்குமிடையே எத்தனை கல் என்பதை லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தலைவியும் அறிவாள். எந்தப் பொறியியலாளரும் அவளுக்கு இதைக் கற்பித்ததில்லை.

இந்தக் கூரையைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

கச்சான் காலம் ஊவாவிற்கு வெயிற்காலம். மேற்கே மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் மழை கொட்டும் மாதங்களில் பதுளைப் பக்கத்து வானம் திறந்திருக்கின்றது. ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் தனிவிலை பெறுவது அந்த வறண்ட காற்றினாலும் வெயிலினாலுமே. கொழுந்துக்கு மணந்தரும் அதே வெயில் லயத்துத் தகரத்தின்மேல் நாள்தோறும் வீணே காய்ந்து போகின்றது. அதை மின்சாரமாக்கினால் என்ன என்று கேட்பது இயல்பு. ஆனால் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட வழக்கமான சூரியத் தகடு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதைத் தாங்கும் கம்பிச் சட்டங்களையும் சேர்த்தால் நிறை இன்னும் ஏறும். லயத்துக் கைமரம் அதற்கு இடங்கொடாது. கொடுத்தாலும் தகட்டிற்கும் தகரத்திற்கும் இடையே கச்சான் புகுந்து இரண்டையும் ஒருங்கே பிடுங்கி எறியும்.

விஞ்ஞானம் இவ்விடத்தில் வேறொரு வழியைத் திறந்திருக்கின்றது. கண்ணாடியை விட்டு, பிளாஸ்டிக் தாளின்மேல் குறைகடத்தியை மெல்லிய படலமாகப் படியவிடும் வழி அது. அத்தாளைப் பாயைப்போலச் சுருட்டலாம்; தோளில் தூக்கலாம்; தகரத்தின்மேல் காற்றுப் புகாதவாறு படிய ஒட்டலாம். காப்புறைகளோடு சேர்த்தும் அதன் நிறை சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ. இன்று கூரையிலிருக்கும் கற்களைக் காட்டிலும் அது இலேசானது.

அவ்வாறாயின் தடை எங்கே? தடை தாளிலில்லை, கூரையின் உரிமையிலிருக்கின்றது என்பதே எமது வாதம். அதற்கு முன்னர் தாளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அறியாதவன் கையில் எந்தப் புதுப்பொருளும் பிறர் தரும் பிச்சையாகவே வந்து சேரும்.

மெலிந்ததன் வலிமை

குறைகடத்தி என்பது செம்பைப்போல மின்னை எளிதில் விடுவதுமன்று; கண்ணாடியைப்போல முற்றாகத் தடுப்பதுமன்று. ஒளி பட்டால், சூடு பட்டால், வேறொரு பொருள் இம்மியளவு கலந்தால் தன் குணம் மாறுவது. இவற்றுள் தலையாயது சிலிக்கன். வழக்கமான தகட்டுக்குச் சிலிக்கனைப் பெரும் பளிங்குக் கட்டியாக வளர்த்து, மெல்லிய கம்பியால் அரிந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆறிலொரு பங்களவு தடித்த வில்லைகளாக்குகின்றனர். அவ்வில்லை அப்பளம் போன்றது. சற்று வளைத்தால் நொறுங்கும். அதைக் காப்பதற்கே கனத்த கண்ணாடியும் சட்டமும். கூரையில் ஏற்றும் நிறையில் மின்சாரந் தரும் பகுதி அற்பம், எஞ்சியதெல்லாம் காவல். நம் நாட்டு நிருவாகச் செலவை நினைவூட்டும் விகிதம் இது!

பளிங்காக ஒழுங்குபெற்ற சிலிக்கன் ஒளியை மெதுவாகவே விழுங்கும். ஆகவே அது தடித்திருக்க வேண்டும். ஒழுங்கற்ற சிலிக்கனோ ஒளியை விரைந்து விழுங்குவது. அது ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கி, அதிலொரு கூற்றையும் பாதியாக்கிய அளவு தடித்திருந்தாலே போதும். மனிதனின் தலைமயிர் அதைப்போல நூறு மடங்கிற்கு மேல் தடித்தது. இவ்வொழுங்கற்ற சிலிக்கனில் அயற்பொருள் கலந்து அதன் குணத்தை வேண்டியவாறு மாற்றலாம் என்பதை 1975ஆம் ஆண்டில் நிறுவியவர்கள் ஸ்பியர், லெ கோம்பர் என்னும் இருவர். அவர்கள் பணியாற்றியது ஸ்கொட்லாந்தின் டண்டீப் பல்கலைக்கழகத்தில். ஊவாத் தோட்டங்கள் பலவற்றிற்கு ஸ்கொத்தியப் பெயர்களைச் சூட்டிய துரைமாரின் நாடு அது. ஹப்புத்தளையில் டம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டன் பிறந்த கிளாஸ்கோ அங்கேதான் இருக்கின்றது. அந்நாட்டிலிருந்து லயம் நமக்கு விரைவில் வந்து சேர்ந்தது. மென்படலம் இன்னும் வழியிலிருக்கின்றது.

மெல்லிய படலத்தால் திரான்சிஸ்டர் செய்யலாம் என்பதை அமெரிக்க ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தில் வைமர் 1962இலேயே காட்டினார். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பிரோடி என்பவர் அதே பத்தாண்டின் இறுதியில் கண்ணாடியை விட்டுக் காகிதத் துண்டுகளின்மேலும் பிளாஸ்டிக் தாளின்மேலும் அவற்றைச் செய்து பார்த்தார். பத்திரிகை அச்சாகும் சுழல் இயந்திரத்தை வாசகர் கண்டிருக்கலாம். ஒருபக்கம் வெற்றுக் காகிதச் சுருள் அவிழ்கின்றது. மறுபக்கம் எழுத்தேறிய சுருள் சேர்கின்றது. அதுபோல ஒருபுறம் வெறும் பிளாஸ்டிக் அவிழ, மறுபுறம் மின்சாரந் தரும் தாள் சுருள வேண்டும் என்பதே இத்தொழிலில் ஈடுபட்டோரின் நெடுநாள் எண்ணம். ஓரளவு அது நிறைவேறியும் விட்டது.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணமுண்டு. பிளாஸ்டிக் சூட்டைப் பொறுக்காது. சிலிக்கன் கலந்த சிலேன் வாயுவை வெற்றிட அறைக்குள் செலுத்தி, மின்னால் சிதைத்து, தாளின்மேல் சிலிக்கனைப் படியவிடுவதே வழக்கமான முறை. நல்ல படலம் வேண்டுமாயின் தாள் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாயிருத்தல் நலம். சோடாப் போத்தல் செய்யும் பொலியெஸ்தர் அச்சூட்டில் சுருண்டு விடும். பொலிஇமைட் என்னும் வேறொரு பிளாஸ்டிக் 300 பாகையையும் தாங்கும். ஆனால் விலை மிகுதி, நிறமோ சாயத் தேநீரின் நிறம். ஒளி அதனூடே செவ்வனே புகாதாகையால் மேற்புறத்திலிருந்தே ஒளி நுழையுமாறு படலங்களை அடுக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே இத்துறையின் வரலாற்றிற் பெரும்பகுதி சூட்டைக் குறைக்கும் போராட்டமே. 2004ஆம் ஆண்டில் யப்பானில் ஹொசோனோவும் தோழரும் இந்தியம், கல்லியம், துத்தநாகம் ஆகியவற்றின் கலப்பு ஒட்சைட்டை அறையின் சூட்டிலேயே பொலியெஸ்தர் தாளிற் படியவிட்டுத் திரான்சிஸ்டர் செய்தனர். மின்னைக் கடத்தும் பிளாஸ்டிக்குகளைக் கண்டமைக்காக ஹீகர், மக்டயார்மிட், ஷிராகவா மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வகைப் பொருள்களை மையாகக் கரைத்துத் தாளில் அச்சடிக்கவும் இயலும்.

சூடு ஒன்று, ஈரம் மற்றொன்று. கண்ணாடியில் நீராவி புகாது, பிளாஸ்டிக்கில் புகும். கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் ஊடுருவும் ஈரம் உள்ளிருக்கும் படலத்தைத் தின்றுவிடும். அதைத் தடுக்க மேலும் மேலும் காப்புப் படலங்கள் வேண்டும். அவை விலையை ஏற்றும். ஐப்பசியிலிருந்து தை வரை மூடுபனியில் ஊறிக் கிடக்கும் ஊவாவிற்கு இது சிறு விஷயமன்று. மூன்றாவது தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக்கும் குறைகடத்தியும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஆறும்போது தாள் வாழைச்சருகைப்போல ஓரஞ் சுருளப் பார்க்கும். சுருண்ட இடத்திற் படலம் வெடிக்கும்.

இவற்றை நாம் மறைக்கவில்லை. இதிற் பணமிட்டுக் கெட்ட கம்பெனிகளும் உண்டு. உருளைச் சுருளாகச் சூரியத் தாள் செய்த யுனி-சோலார் 2012இல் முறிந்தது. கோணார்க் சூரியன் கோயிலின் பெயரைத் தாங்கிப் பிளாஸ்டிக் மின்கலம் செய்த அமெரிக்கக் கம்பெனியாகிய கொனார்க்கா அதே ஆண்டில் முறிந்தது. சீனத்துக் கண்ணாடித் தகட்டின் விலை மளமளவென்று வீழ்ந்தமை இதற்கொரு பெருங்காரணம். இன்றும் ஒரு வாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் கண்ணாடியே மலிவு. ஆயுளும் அதற்கே அதிகம். தாங்கும் கூரையுள்ள புதுவீட்டிற்கு நாமும் கண்ணாடித் தகட்டையே சொல்வோம். தாங்காத கூரைக்கே தாள். யப்பான் பெரோவ்ஸ்கைட் என்னும் புதுவகைத் தாளை 2040ஆம் ஆண்டிற்குள் 20 கிகாவாட்டளவு நிறுவத் திட்டமிட்டதற்கும் இதுவே காரணம். அங்கே சமநிலம் குறைவு. பாரந் தாங்காத கூரைகளோ பல. பணக்கார யப்பானுக்கும் பசறை லயத்திற்கும் பொதுவாக ஏதேனும் இருக்கக்கூடுமென்று எவர் நினைத்திருப்பார்!

தாளின் திறன் என்ன? பொலிஇமைட்டின்மேல் செம்பு, இந்தியம், கல்லியம், செலினியம் சேர்ந்த படலத்தால் மின்கலம் செய்து, விழும் ஒளியில் 20.4 சதவீதத்தை மின்னாக்கிக் காட்டினர் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வுகூடத்தார், 2013இல். அக்குழுவின் தலைவர் இந்தியராகிய அயோத்தியா திவாரி. ஆய்வுகூடத்துத் திறன் கூரைக்கு வரும்போது குறையும்; நாம் பத்துச் சதவீதமென்றே வைப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பராவின் கூரை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். அதில் இரண்டே சதுர மீட்டரில் தாள் ஒட்டினால் உச்சி வெயிலில் 200 வாட்டு. நாளொன்றுக்கு நான்கு மணி நேர முழு வெயிலெனக் கொண்டால் 800 வாட்டு-மணி. ஒன்பது வாட்டு விளக்குகள் நான்கு ஐந்து மணி நேரம் எரிய 180. ஒரு சிறு தொலைக்காட்சிக்கு 200. இரண்டு தொலைபேசிகளுக்கு 30. மிச்சம் மின்கலச் சேமிப்பில் கழியும் நட்டத்திற்கும் மப்பு நாளுக்கும். 2022ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும், பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்ததும் எவருக்கும் மறந்திராது.

நம்மவர் கைப்பட்ட தொழில்

இத்துறை நமக்கு அந்நியமானதன்று. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோனும் தோழரும் திரவமின்றி முழுதும் திண்மப் பொருளாலான சாயமூட்டிய சூரியக் கலத்தை 1995இலேயே வெளியிட்டனர். ஷெபீல்ட் ஹலம் பல்கலைக்கழகத்தில் கட்மியம்-தெலூரியப் படலங்களை மின்பகுப்பால் படியவைக்கும் ஆராய்ச்சியில் ஆயுளைச் செலவிட்ட ஐ. எம். தர்மதாச இந்நாட்டவர். சரே பல்கலைக்கழகத்தின் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ரவி சில்வாவும் இந்நாட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியற் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், பிளாஸ்டிக் வகைப் பொருளொன்றையும் தைத்தேனியம் ஒட்சைட்டின் நுண்துகளையும் இணைத்துச் சூரியக் கலம் செய்யும் ஆராய்ச்சியை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடத்தி, அதைத் தமிழ் மண்ணிற்குக் கொண்டுவந்தவர். யுத்தம் தின்ற ஊரில், ஆய்வுகூடத்தை மீள எழுப்பிக்கொண்டே அப்பணி நடந்தது. நோர்வேப் பல்கலைக்கழகமொன்றில் பணியாற்றும் தயாளன் வேலாயுதபிள்ளை அதற்குத் துணைநின்றார். தைத்தேனியம் அடங்கிய புல்மோட்டை மணல் மூலப்பொருளாகவே கப்பலேறிப் போகின்றது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம். அது தனியே எழுதவேண்டிய சங்கதி.

கண்டியில் உண்டு, யாழ்ப்பாணத்தில் உண்டு. பதுளையில்? 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளை பசறை வீதியிலேயே இருக்கின்றது. தேயிலைத் தொழில்நுட்பத்திற்கெனவே பட்டப்படிப்புத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அங்கே பாடங்கள். அதன் வாயிலைக் கடந்து செல்லும் பஸ்ஸில் தோட்டத்துப் பிள்ளைகள் நாள்தோறும் பயணஞ் செய்கின்றனர். வாயிலுக்குள் இறங்கியோர் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்குச் சொல்ல அதிக விரல் வேண்டியதில்லை.

கோடிக்கணக்கில் வெற்றிட இயந்திரம் இறக்கிப் பதுளையில் உடனே தாள் உற்பத்தி தொடங்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை; அப்படிக் கேட்பது மேடைப் பேச்சு. சுருளாக வரும் தாளை அளவுக்கு வெட்டுதல், மின்தொடுப்புகளைப் பற்றவைத்தல், ஈரம் புகாவண்ணம் உறையிட்டு ஒட்டுதல், பழுதைக் கண்டறிதல் என்பவை தூசியற்ற பேரறை வேண்டாத வேலைகள். கைநுட்பமும் பொறுமையும் வேண்டும். ஈரிலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துப் பழகிய கைகளுக்கு இதைக் கற்பிக்கலாகாதா? எந்தத் தாள் கச்சானில் எத்தனை மாதம் தாங்கும், எந்த உறை ஊவாப் பனியில் எப்போது வெளுக்கும் என்பதை யப்பானிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ எவரும் நமக்குச் சொல்லமாட்டார். நமது மலையில், நமது கூரையில் வைத்தே அறிய முடியும். அவ்வறிவு பதுளைக்குரியதாகும், விலையும் போகும்.

தகரம் யாருடையது?

இனிக் கூரைக்கு வருவோம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, உழைப்பு மட்டுமே தொழிலாளியுடையது. ஓட்டையை அடைப்பவர் அவர். ஒழுகலைத் துடைப்பவர் அவர். மேலே கல் வைப்பவரும் அவரே. ஆனால் கூரை அவருடையதன்று. கல் ஒன்றுதான் அவருடையது போலும்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசாங்கம் கூரைச் சூரிய சக்தித் திட்டத்தை ஆரவாரத்தோடு தொடக்கியது. கூரையிலிருந்து விற்கும் ஒவ்வோர் அலகிற்கும் முதல் ஏழாண்டு 22 ரூபாவும் அடுத்த பதின்மூன்றாண்டு 15 ரூபா 50 சதமும் என்று விலை குறித்தனர். கொழும்பு மாடிவீடுகளில் தகடுகள் பளபளத்தன. தேயிலைத் தொழிற்சாலைக் கூரைகள் பலவற்றிலும் கம்பெனிகள் தகடு பரப்பி மின்சாரம் விற்கலாயின. அதை நாம் குறைசொல்லவில்லை, நல்ல காரியமே. ஆனால் ஒரே தோட்டம், ஒரே வெயில், இரண்டு கூரைகள். ஒன்று சம்பாதிக்கின்றது, மற்றொன்று ஒழுகுகின்றது. இது வெயிலின் குற்றமா? மின்மானி தம் பெயரிலும் கூரை தம் கைவசமும் உள்ளவர்களுக்கே அத்திட்டம் பொருந்திற்று. லயத்தவர் பெயரில் மின்மானி இருந்தாலும் கூரை இல்லை.

பழைய கதையும் இதுவே. அந்நாளில் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரைத் திருப்பிச் சக்கரம் சுழற்றித் தொழிற்சாலைக்கும் பங்களாவிற்கும் மின்விளக்கு ஏற்றினர். லயத்திற்குப் போத்தல் விளக்கு. புதுக்கதையும் இதுவே. 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாட்டுத் தரவல்லது. அதற்காகச் சுரங்கம் துளைத்தபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மலை கொடுக்கின்றது, கணக்கு வேறிடத்தில் எழுதப்படுகின்றது.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இச்செய்தியை ஒரு மூதாட்டியாரிடம் சொன்னோம். சுருட்டக்கூடிய தாள், பாரமில்லை, ராவெல்லாம் விளக்கு என்றெல்லாம் விரித்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர், "தகரமே தொரையோடது தம்பி, அதுமேல ஒட்டுறது யாரோடதுன்னு எழுதுவாங்க?" என்றார். பல ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தும் எமக்குத் தோன்றாத கேள்வி அது.

இதனினும் கூர்மையான கேள்வி இளைஞரிடமிருந்து வருகின்றது. லயத்தை ஒழிக்கவேண்டுமென்று போராடும் வேளையில் லயத்திற்கு மின்தாள் ஒட்டுவதா? நாளைக்கு அதைக் காட்டி, லயம் நவீனமாகிவிட்டது, ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் எதற்கு என்று கேட்கமாட்டார்களா? கேட்பார்கள். சாயம் பூசியதையும் தகரம் மாற்றியதையும் காட்டி முன்னரும் கேட்டிருக்கிறார்கள். இவ்வச்சம் நியாயமானது, இதற்கு விடை சொல்லாமல் எத்திட்டத்தையும் ஆதரித்தல் துரோகம்.

எமது விடை இது. தாளின் பெருமை அதன் மென்மையிலன்று. அது பெயர்ந்து போகக்கூடியது என்பதிலே இருக்கின்றது. கூரையோடு ஒட்டிவிட்டால் அது கூரைக்காரனுடையதாகிவிடும். ஆதலால் கூரையோடு ஒட்டலாகாது. மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் தாளை நிலையாக ஒட்டி, அத்தகட்டை நெளிதகரத்தின் மேடுகளோடு இறுகப் பிணைக்க வேண்டும். ஓரங்களை வெறுங் கயிற்றால் கட்டினால் கச்சானில் படபடத்து ஒரே பருவத்தில் கிழியும். தகட்டோடு பிணைத்தாலோ குடும்பம் புதுவீடு போகும் நாளில் கழற்றிச் சுமந்து போகலாம். தாளும் சேமிப்புக் கலமும் குடும்பத்தலைவியின் பெயரில் எழுதப்பட்ட அசையும் சொத்தாக வேண்டும். லயம் இருக்கும் வரை லயத்தின்மேல். வீடு கிடைத்த அன்று வீட்டின்மேல். அது லயத்தின் அபிவிருத்தியெனக் கம்பெனிக் கணக்கிலோ வீடமைப்புக் கணக்கிலோ ஏறலாகாது.

அசையும் சொத்து என்னும் சொல்லின் பொருள் நம் மக்களுக்குத் தெரிந்தது போல வேறெவருக்கும் தெரியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவிற்கென்று எண்ணிப் பிரித்தது. பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டி. நூறாண்டு உழைப்பில் கையிற் கொண்டுபோகத் தக்கதாக இருந்தது அவ்வளவே. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது தகரப் பெட்டியும் மிஞ்சவில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. மண்சரிவுக்கு அஞ்சிப் பாடசாலைக்கு ஓடும் குடும்பம் சுமந்து செல்லக்கூடிய விளக்கும், தொலைபேசிக்கு உயிரூட்டும் மின்சாரமும் அற்ப உதவியல்ல. கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டிற் கிடந்தவர்கள் அறிவார்கள்.

பிளாஸ்டிக் தாளில் ஒளியை மின்னாக்குவது மட்டுமன்றி, எண்ணும் மூளையையும் படியவிடலாம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2021இல் இங்கிலாந்தின் ஆர்ம், பிராக்மாட்டிக் கம்பெனிகள் பொலிஇமைட்டின்மேல் சுமார் 18,000 தர்க்க வாயில்கள் கொண்ட கணிப்புச் சில்லொன்றைச் செய்து காட்டின. இத்தகைய மலிவான சில்லு கொழுந்துச் சாக்கில் ஒருநாள் ஏறும். ஏறினால் பறித்தவள் பெயரும் நிறுத்த நிறையும் அழியாமல் நிற்கும். சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு என்று தராசடியில் கரையும் கிலோக்களுக்குச் சாட்சி கிடைக்கும். அல்லது எந்நேரம் எந்த நிரையில் நின்றாள், எத்தனை நிமிடம் ஓய்ந்தாள் என்று கணக்கப்பிள்ளைக்குக் கோள் சொல்லும் கருவியாகும். சில்லு ஒன்றே. அதன் ஏட்டைப் படிக்கும் உரிமை எவருக்கு என்பதைச் சில்லு வருமுன்னரே தொழிற்சங்கங்கள் கேட்டு வைக்கட்டும்.

தாளின் முடிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டில் ஈயமுண்டு, வேறு வகையில் கட்மியமுண்டு. கிழிந்த தாளை ஓடையில் எறிந்தால் பதுளு ஓயா அதை மகாவலிக்குக் கொண்டுபோகும். நமுனுகுலையிற் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமத்துத் தீர்த்தத்திற்கே கொண்டுபோகும். விற்பவரே பழையதைத் திரும்ப எடுக்கவேண்டுமென்று எழுத்திற் பெறாமல் ஒரு சுருளும் மலையேறலாகாது.

இதற்கு முன்னரும் ஊவாவிற் சூரிய விளக்குத் திட்டங்கள் வந்தன. 1997இல் தொடங்கிய உலக வங்கிக் கடன் திட்டத்தின் வழியாகக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு தகடு ஏறியது. பொதுமின்சாரக் கம்பி வந்ததும் பல வீடுகளில் அவை இறக்கிப் போடப்பட்டன. கடனுக்குப் பிணையாகக் காட்ட வீடும் நிலமும் உடையவருக்காக வகுத்த வழியில் லயத்தவர் எவ்வாறு நுழைவர்? அதே வழியில் இன்னொருமுறை போவதில் பயனில்லை.

ஆகவே முதலில் வேண்டுவது பணமன்று, ஒரு சுற்றறிக்கை. லயத்தில் வாழ்வோர் தம் கூரைமேல் வைக்கும் எந்த மின்கருவியும் அவர்களுக்கே உரியது, தோட்ட நிருவாகம் அதைத் தடுக்கவோ பறிக்கவோ வாடகை கேட்கவோ இயலாது, வெளியேறும்போது உடன்கொண்டு போகலாம் என்று பெருந்தோட்டத்துறை அமைச்சு எழுதட்டும். நிலத்தின் உரிமையாளர் அரசு. எழுதும் அதிகாரம் அரசுக்குண்டு. அடுத்ததாக, பதுளைப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்தையும் ஹந்தானையையும் துணைக்கழைத்து ஒரே ஒரு லயத்தைத் தெரிந்தெடுக்கட்டும். இருபது காம்பரா, நான்கைந்து வகைத் தாள், ஒரு மாரி, ஒரு கச்சான். அளவெடுக்கும் வேலையைத் தோட்டத்து உயர்தர மாணவரிடம் கூலிக்குக் கொடுக்கட்டும், இலவசமாகவன்று.

பிரதேச சபைகளுக்கும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குப் பணஞ் செலவிட இடந்தராது என்று முப்பதாண்டு கைவிரித்து வந்தீர்கள். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பசறையிலும் லுணுகலையிலும் ஹல்துமுல்லையிலும் தோட்ட மக்களின் வாக்கில் உறுப்பினரானவர்கள், மேலே சொன்ன சுற்றறிக்கையைக் கோரும் தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டத்திலேயே கொண்டுவரலாம். எந்தச் சபையில் எவர் கொண்டுவந்தார், எவர் எதிர்த்தார் என்ற விவரம் கிடைத்ததும் பெயரோடு வெளியிடுவோம்.